உள்வாட்டம்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் என் கட்டுரையைப் படித்துப் பார்த்த தமிழ் ஐயா, "நீ எழுதாம இருக்கறதே தமிழுக்கு நீ செய்யற தொண்டுடா" என்று சொல்லியிருந்தார். அவர் பேச்சை வேறு எதிலும் நான் கேட்டதில்லை. இந்த ஒன்றில் மட்டும் இத்தனை வருஷமாகக் கேட்டு நடந்து வந்தேன். போன வாரம் பெய்த மழையில் வழக்கம் போல வராண்டாத் தண்ணீர் எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் வந்தது. வழக்கம் போல அம்மா என் கையில் மாப்பைக் கொடுத்தாள். குனிந்து துடைக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. லோடு வண்டி ஓட்டுகிறவனுக்கு முதுகுதான் மூலதனம். அது சரியாகும் வரை படுத்துக் கிடக்க வேண்டும், செல்போனில் பார்ப்பதற்கும் ஒன்றும் பாக்கியில்லை. அதனால் எழுதுகிறேன். தமிழ் ஐயா மன்னிக்கவும்.

எங்கள் வீட்டுக்கு மழைத் தண்ணீர் பின்பக்கமாக ஒழுகியெல்லாம் வராது. மரியாதையான விருந்தாளி மாதிரி முன்வாசல் வழியாகத்தான் வரும். இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவர் என் மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர். அவர் கான்ட்ராக்டர். அப்படித்தான் அவர் வண்டியில் எழுதியிருந்தது.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. நான் நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் சேலம் பஸ்ஸிலிருந்து ஒரு கட்டைப்பையோடு இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் பையைத் துழாவினேன். முறுக்கு இல்லை, மிக்சர் இல்லை, வெறும் புடவைகள். ஏதோ கோளாறு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் அவள் போகவில்லை. அரூரில் ஒரு தையல் கடைக்கு ரவிக்கை தைக்கப் போக ஆரம்பித்தாள். காலையில் பஸ்ஸில் போவாள், சாயங்காலம் கடைக்கு வந்தவர்களையெல்லாம் எங்களுக்கு நடித்துக் காட்டுவாள். "அளவு ரவிக்க குடுங்கன்னா, போன வருசம் எளச்சி இருந்தப்ப தெச்சத குடுத்துட்டு, அதே மாதிரி தெச்சிக் குடுங்கறாங்கடா. ரவிக்க வரும், ஒடம்பு வருமா?" என்பாள். ஊரில் யார் எப்படி நடப்பார்கள் என்று நடந்து காட்டுவாள். ஆட்களைக் கிண்டல் பண்ணுகிற குணத்தை எங்கே கற்றாய் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

எனக்குக் கொண்டாட்டம். பெரியவர்களுக்கு அப்படி இல்லை. அப்பாவுக்கு அண்ணன், என் பெரியப்பா, தினமும் வந்து உட்கார்ந்து அப்பாவின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுப் போவார்.

"பொட்டப்புள்ள வந்து உக்காந்துக்கினா ஊரு என்னா பேசும் தம்பி? நாளைக்கி நம்ம மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கறது?"

கடைசியில் பெரியப்பா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மாமா ஊருக்கே போய்ப் பேசினார். மாமாவுக்கு இருந்த குறை வேறு மாதிரி. அந்தச் சமயத்தில் குச்சிக்கிழங்கு விற்ற காசில் அப்பா வீட்டின் முன்பக்கத்தை இடித்துக் கட்டுவதாக இருந்தார். அதற்கு அரூரிலிருந்து ஒரு மேஸ்திரியைப் பேசியும் வைத்திருந்தார். அது மாமா காதுக்குப் போயிருந்தது.

"சொந்தத்துல ஒரு கான்ட்ராக்டர் குத்துக்கல்லு மாதிரி இருக்கறன். எவனோ ஒருத்தன கூப்புட்டு வூடு கட்டறதுன்னா, என்ன மனுசனா மதிக்கலன்னுதான அர்த்தம்?" என்றாராம்.

பேசி முடித்தது இதுதான்: வீட்டு வேலையை மாமாவிடம் கொடுப்பது. வேலை முடிந்து பால் காய்ச்சுகிற அன்றைக்கு, எல்லோர் முன்னாலும் மாமா அத்தையை மரியாதையாக அழைத்துக்கொண்டு போவது. அதுவரைக்கும் அவர் வேலையை யாரும் ஒரு சொல் குறை சொல்லக் கூடாது. சொன்னால் அவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார், அத்தை இங்கேயே கிடப்பாள். பெரியப்பா இதைச் சொன்னபோது, கடைசியில் சொன்னது எனக்குக் கெட்ட செய்தியாகவே தெரியவில்லை. ஆனால் அப்பாவும் அம்மாவும் அதைக் கேட்டுப் பயந்ததைப் பார்த்ததும் நானும் பயந்துகொண்டேன். அந்த வயதில் பயம் என்பது அம்மை மாதிரி. வீட்டில் ஒருத்தருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும்.

மாமா கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காதில் பென்சில் செருகிக்கொண்டு வந்து இறங்கினார். முன்பக்கம் ஷீட் போட்டு வராண்டா, அதிலிருந்து கூடம் வரைக்கும் டைல்ஸ். ஆட்கள் வேலை செய்வார்கள், அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போன் பேசுவார். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க மேஸ்திரிகள் ரசமட்டம் வைத்திருப்பார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும். "மாமா, உங்க ரசமட்டம் எங்க?" என்று கேட்டேன்.

"என் கண்ணுதான்டா ரசமட்டம்" என்று சொல்லிவிட்டு, ஒரு கண்ணை மூடித் தரையைப் பார்த்தார்.

அத்தை டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பும்போது என் காதில், "எந்தக் கண்ணுலடா குமிழி ஓடுது?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு நீலம் பூத்து ரொம்ப நாள் இருந்தது.

டைல்ஸ் போட்டு முடித்தபோது தரை உயர்ந்து, நிலவாசப்படி தரைக்குள் முங்கிவிட்டது. கதவு திறக்கவில்லை. தரையைச் செதுக்காமல் கதவின் அடியை அறுத்தார்கள். அறுத்தது கொஞ்சம் அதிகமாகிவிட, கதவைச் சாத்தியிருக்கும்போதே கோழிக்குஞ்சு உள்ளே வந்து போனது. பாதி டைல்ஸ் மிதித்தால் டொக் டொக் என்றது. அப்பா எல்லாவற்றுக்கும், "நல்லாருக்குதுங்க மாப்ள, நல்லாருக்குது" என்றார்.

சிமெண்ட் தூசியைக் கழுவ அம்மா முதல் பக்கெட் தண்ணீரை வராண்டாவில் ஊற்றினாள். அந்தத் தண்ணீர் தெருவைப் பார்த்துப் போக வேண்டும். போகவில்லை. கொஞ்சம் யோசிப்பது மாதிரி நின்றது. அப்புறம் திரும்பி, முங்கிக் கிடந்த வாசப்படி மேலே ஏறி, கூடத்தைத் தாண்டி, சாமி அலமாரிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்பா ஓடி வந்தார். தண்ணீரை அவர் நிறுத்தவில்லை, தெருக்கதவைச் சாத்தினார்.

"என்னாங்க இது, வூட்டுக்குள்ள வருது?" என்றாள் அம்மா.

"மெதுவா பேசு. வாட்டம் உள்பக்கமா போயிருச்சு. இப்ப போயி இத வெளிய சொல்ல முடியுமா?"

"எத்தன நாளைக்கி மறைக்கறது?"

"அவ போற வரைக்கும்."

தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கிற சரிவை மேஸ்திரிகள் வாட்டம் என்பார்கள் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்த வாட்டம் பள்ளிக்கூடத்து வாட்டம். முகம் வாடிப்போனால் வாட்டம். அதனால் அவர்கள் அத்தையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முடிவு பண்ணி, அவள் முகத்தைப் பார்க்கப் போனேன். அவள் கூடத்தில் துணியும் கையுமாகக் குந்தி இருந்தாள். துடைக்காமல் தண்ணீர் போகிற பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடா மூஞ்சிய அப்புடி பாக்கற?"

"உனக்கு வாட்டம் உள்பக்கமா போயிருச்சாம் அத்த. வெளிய சொல்லக் கூடாதாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் சிரித்தாள். "யாருடா சொன்னது?"

"அப்பாதான்."

சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அண்ணனுக்கு அது தெரியுதாமா?" என்று கேட்டுவிட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்கிற தண்ணீரைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் மாமா வந்தபோது அப்பா பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கதவுக்கு அடியில்தான் இடம் நிறைய இருந்ததே.

"மாப்ள, இந்தத் தர வந்து... கொஞ்சம்..."

"என்னா மச்சான், கொஞ்சம்?"

"இல்லீங்க, கொஞ்சம்... ஜில்லுனு இருக்குதுங்க. அதத்தான் சொல்ல வந்தன்."

"ஜில்லுனு இல்லாம? நம்ப வேல அப்புடி" என்றார் மாமா. அப்புறம் கூடத்து மூலையில் இருந்த ஈரத்தைப் பார்த்துவிட்டார். அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா மச்சான், தண்ணி கரெக்டா ஈசானியத்துக்குப் போவுது. வாஸ்து. இதெல்லாம் நீங்க சொல்லாமயே பாத்துப் பண்ணிருவன்."

விஷயம் இதுதான். வீட்டுத் தண்ணீர் ஈசானிய மூலையைப் பார்த்து, அதாவது வடகிழக்காக ஓட வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதுவரை அவர் வேலை பார்த்ததெல்லாம் கிழக்குப் பார்த்த வீடுகள். அங்கே வாசலே கிழக்கில் இருப்பதால், ஈசானியத்துக்கு ஓடுகிற தண்ணீர் தெருவுக்குப் போய்விடும், சாஸ்திரமும் பிழைத்துக்கொள்ளும். எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது. எங்கள் வராண்டாவிலிருந்து ஈசானியம் தேடிப் போகிற தண்ணீர் கூடத்துக்குள் போகாமல் வேறு எங்கே போகும்? திசையைப் பார்த்தவர் வாசலைப் பார்க்கவில்லை.

பால் காய்ச்சுகிற நாள் வரைக்கும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அது மழைக்காலம். சித்தேரி மலைப் பக்கம் கருத்தால் அப்பா வாசலில் போய் நின்றுகொள்வார். தூறல் விழுந்தால் அம்மா கோணிப்பையை மடித்து வாசப்படியில் போடுவாள். மாமா வண்டிச் சத்தம் கேட்டால் அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாள். பை போட்டிருப்பதைப் பார்த்தால் அவர் வேலையைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமே. தெருவில் எந்த டூவீலர் போனாலும் கோணிப்பை கட்டிலுக்கு அடியில் போய்த் திரும்பி வரும். எனக்கு ஒரே உத்தரவு: வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்களுக்கு இது சாதாரணம். என்னை மாதிரி ஆளுக்கு, ஒன்றுக்கு வருவதை அடக்குகிற மாதிரி.

அந்த நாளும் வந்தது. வானம் மூடிக் கிடந்தது, ஆனால் பெய்யவில்லை. கேஸ் அடுப்பில் காய்ச்சினால் ஆகாது, கல் கூட்டி விறகில்தான் காய்ச்ச வேண்டும் என்றார் பெரியப்பா. புதுப் பெயிண்ட் கருத்துப்போகும் என்று கல்லை வராண்டாவில் கூட்டினார்கள். கூடப் பிறந்தவள்தான் பால் காய்ச்ச வேண்டும் என்பது முறை. அத்தை உட்கார்ந்தாள்.

பால் பொங்கியது. எல்லோரும் குலவை போட்டார்கள். பொங்கியதும் விறகை இழுத்துவிட வேண்டும், அத்தை இழுக்கவில்லை. இன்னும் ஒரு விறகை உள்ளே தள்ளினாள். பால் வழிந்து, கல்லைத் தாண்டி, தரைக்கு வந்து, அப்பாவின் காலை ஒட்டி ஓடி, வாசப்படி மேலே ஏறி, நேராகக் கூடத்துக்குள் போனது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதன் பின்னாலேயே தலையைத் திருப்பினார்கள்.

பெரியப்பாதான் வாயைத் திறந்தார். "அடேங்கப்பா! பால் கெழக்க பாத்து வழிஞ்சாலே விசேசம்பாங்க. இங்க வூட்டுக்குள்ளயே போவுது பாருங்க! லட்சுமி வெளிய போவ மாட்டா. உள்ளயேதான்!"

"ஆமாமா" என்றார்கள் எல்லோரும். "அதுக்குன்னே வாட்டம் வெச்சதுதாங்க" என்றார் மாமா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. யாரோ ஒருவர் அவருடைய போன் நம்பரை வாங்கினார். அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தப்பித்தோம் என்று நினைத்தேன். கூடத்தில் பந்தி போட்டார்கள். முதல் பந்தியில் மாமா, அவர் ஊர்க்காரர்கள், பெரியப்பா. பாய் விரித்து இலை போட்டுச் சோறு விழுந்துவிட்டது. கை கழுவ வராண்டாவில் தண்ணீர் வைக்க வேண்டும். அத்தை பெரிய குடத்தில் தளும்பத் தளும்பத் தூக்கி வந்தாள். வந்தவள் அதை வைக்கவில்லை. வராண்டா நடுவில் நின்று அப்படியே சாய்த்துவிட்டாள். கை தவறியது மாதிரி இல்லை. நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும்.

தண்ணீர் உள்ளே பாய்ந்தது. பாய் நனைந்தது. ஒரு இலை மிதந்து பக்கத்து இலைமேல் ஏறியது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் எழுந்தார்கள். மாமா முகம் மாறிவிட்டது. அவர் எழுந்து கிளம்புவதற்கு இன்னும் ஒரே ஒரு சொல்தான் பாக்கி. அந்தச் சொல் யார் வாயிலிருந்து வரும் என்று வீடே காத்திருந்தது.

அத்தை என்னைப் பார்த்தாள். "ஏன்டா, நீதான் மனசுல பட்டத பட்டுனு சொல்லுவியே. தண்ணி எங்கடா போவுது? சொல்லு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

அப்பா தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்பது போல. பெரியப்பா கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. உண்மையைச் சொன்னால் அத்தை வாழ்க்கை போய்விடும் என்று அத்தனை நாளாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் கேட்பது அத்தையே.

"ஈசானியத்துக்குப் போவுது அத்த!" என்று கத்தினேன்.

கூடமே சிரித்தது. "கெட்டிக்காரப் பய" என்று பெரியப்பா சொன்னார். "மொதல்ல லட்சுமி வந்தா, இப்ப கங்க வந்துருக்கறா. உக்காருங்கப்பா, உக்காருங்க!" மாமாவும் சிரித்துவிட்டார். என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அப்பா தோளில் இருந்த புதுத் துண்டை எடுத்து, குனிந்து, அவ்வளவு பேர் காலடியிலும் தரையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "பரவால்லம்மா, கொடம் வழுக்கிருச்சு, பரவால்ல" என்றார்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "நல்லா சொன்னடா" என்று காலிக் குடத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

சாயங்காலம் அம்மா அவள் கட்டைப்பையில் துணிகளை மடித்து வைத்தாள், இந்த முறை மேலே முறுக்கும் வைத்தாள். கிளம்பும்போது அத்தை அப்பாவிடம், "அண்ணா, நான் ஒன்னு சொல்லட்டா?" என்றாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சும்மா. அப்பறம் பேசிக்கலாம். கெளம்பு, மாப்ள வண்டியில காத்துக்கினு இருக்காரு" என்றார் அப்பா. பெரிய தண்டனையிலிருந்து விடுதலையானவர் மாதிரி இருந்தது அவர் முகம். மாமா வண்டி திரும்பி மறைந்ததும் வராண்டாவிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். அன்று ராத்திரி மழை பெய்தது. யாரும் கோணிப்பை போடவில்லை.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தேங்காய் லேசாக அழுகியிருந்தால்கூட, உடைத்த மூடியை எடுத்துக்கொண்டு கடை வரைக்கும் போய்ச் சண்டை போடுகிறவர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு வீட்டு முன்பக்கமே கோணலாகப் போனதை ஏன் வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டார் என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. பயந்தாங்கொள்ளி என்றுகூட நினைத்தேன். இப்போது மாப்பைப் பிடித்துக் குனியும்போதெல்லாம் புரிகிறது. தங்கை வாழ வேண்டும் என்பதற்காக மழையைத் தன் வீட்டுக்குள் வாங்கிக்கொண்டார். இப்படி ஒரு அண்ணன் கிடைக்க அத்தை கொடுத்து வைத்தவள்.

அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். பொங்கலுக்கு வருவாள், போவாள். மாமா இப்போது பெரிய கான்ட்ராக்டர், வண்டி மாற்றிவிட்டார். தையலெல்லாம் விட்டுவிட்டாள். யாரையும் நடித்துக் காட்டுவதும் இல்லை. நான் கிண்டல் பண்ணினால் லேசாகச் சிரிப்பாள், அவ்வளவுதான். வயசாகிவிட்டது போல.

இதை இவ்வளவு தூரம் எழுதிவிட்டு, என்னோடு மாற்றி மாற்றி வண்டி ஓட்டுகிற நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். என்னைவிட அதிகமாகக் கிண்டல் பண்ணுகிறவன். முதுகுவலியைப் பற்றி ஏதாவது கேவலமாகச் சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். டிக் நீலமாகி ரொம்ப நேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

"எல்லாஞ் சரிடா, போறியான்னு உங்க அத்தைய யாராச்சும் கேட்டீங்களா?"